கப்பல் கப்பலாக வந்த தேக்கு சுவராகாதது ஏன்?

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் இளையாத்தங்குடி. நகரத்தார் சமூகத்தின் ஒன்பது கோயில்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. கைலாசநாதர், நித்தியகல்யாணி கோயில். இந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களுக்குள் மட்டும் ஏழு உட்பிரிவுகள் உண்டு. 1962-ல் ஆகமம், சிற்பம் பற்றிய முதல் பெரிய சதஸ் நடந்ததும் இந்த ஊரில்தான். கட்டடக்கலை பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் வேண்டுமா என்ன!

செட்டிநாட்டு வீடுகள் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பர்மா தேக்கு. முகப்புத் தூண்கள், வளவைச் சுற்றி நிற்கும் தூண்கள், நிலை, கதவு, உத்திரம் எல்லாமே தேக்குதான். கப்பல் கப்பலாக வந்து இறங்கிய மரம் அது. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. இவ்வளவு மரம் இருந்தும் அந்த வீடுகளில் மரச்சுவர் என்று ஒன்று கிடையாது. சுவர் முழுக்கச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து.

உலகத்தின் வேறு மூலைகளில் மரம் மலிந்த இடங்களில் எல்லாம் மக்கள் மரத்தாலேயே சுவர் எழுப்பினார்கள். அப்படியிருக்க செட்டிநாட்டில் மட்டும் ஏன் இல்லை? இதற்கு விடை தேடினால் மரம், பணம், கப்பல், வட்டி என்று ஒரு பெரிய கதையே வருகிறது.

பலகை மேல் பலகை

மரத்தால் சுவர் எழுப்பப் பல வழிகள் உண்டு. தூண்களை நட்டு அவற்றின் மேல் பலகையை அறைவது ஒரு வழி. தூணில் பள்ளம் இழைத்து அதில் பலகைகளைச் செருகுவது இன்னொரு வழி. நம்மூர்க் கடைகளில் ஒரு காலத்தில் இருந்த நிரைப்பலகைக் கதவு நினைவிருக்கிறதா? அதே முறைதான். கேரளத்திலும் பழைய வீடுகளின் நெல் அறைகள் இப்படித்தான் கட்டப்பட்டன.

மூன்றாவது வழி கொஞ்சம் விசித்திரமானது. பலகையை நிற்க வைக்காமல் படுக்க வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் கீழே இருப்பதோடு ஆணி அடித்துக்கொண்டே மேலே போவது. செங்கல் அடுக்குவது போலத்தான், ஆனால் செங்கல்லுக்குப் பதில் பலகை, சாந்துக்குப் பதில் ஆணி!

அமெரிக்காவில் ஆர்சன் ஃபௌலர் என்பவர் 1848-ல் வீடு கட்டுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எண்கோண வீடுகளை அங்கே பிரபலமாக்கியவர் அவர்தான். மலிவாகவும் உறுதியாகவும் சுவர் எழுப்ப அவர் சொன்ன வழி இந்தப் பலகை அடுக்குதான். ஒரு பலகையை அரை அங்குலம் உள்ளே தள்ளி, அடுத்ததை அரை அங்குலம் வெளியே தள்ளி அடுக்கினால் சுவர் முழுக்க வரிவரியாகப் பள்ளம் கிடைக்கும். பூச்சு அந்தப் பள்ளங்களில் பிடித்துக்கொள்ளும். பூச்சுக்கென்று தனியாகச் சட்டம் அடிக்க வேண்டியதில்லை.

வட அமெரிக்கச் சமவெளிகளில் நின்ற பிரமாண்டமான தானியக் களஞ்சியங்களும் இந்த முறையில் எழுந்தவையே. கோதுமை உள்ளிருந்து சுவரைத் தள்ளும். பலகையைப் படுக்க வைத்தால் அதன் அகலம் முழுவதும் அந்தத் தள்ளுதலை எதிர்த்து நிற்கும். அழுத்தம் அதிகமான அடிப்பகுதியில் அகலப் பலகை, மேலே போகப் போகக் குறுகிய பலகை.

இந்த முறையில் நன்மைகள் நிறைய. தேர்ந்த தச்சர் தேவையில்லை, சுத்தியல் பிடிக்கத் தெரிந்தால் போதும். துண்டுப் பலகை, கோணல் பலகை எல்லாம் உள்ளே போய்விடும். சுவருக்குள் வெற்றிடம் இல்லாததால் நெருப்பும் சட்டென்று பரவாது. கனமான மரம் மேலிருந்து கருகிக்கொண்டு போக மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம்தான் போகும்.

இமயமலையில் இதற்கு ஒரு உறவுமுறை இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் காத்-குனி வீடுகளில் தேவதாரு மரச்சட்டங்களையும் கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுவர் எழுப்புகிறார்கள், சாந்தே இல்லாமல். 1905-ல் காங்ராவில் ஏறக்குறைய 20,000 பேரைப் பலி கொண்ட நிலநடுக்கத்தில் குலு பள்ளத்தாக்கின் நகர் கோட்டை தாக்குப்பிடித்ததற்கு இந்தக் கட்டுமானமே காரணம் என்கிறார்கள்.

மலிவு யாருக்கு?

இவ்வளவு நல்ல முறை என்றால் செட்டிநாட்டில் ஏன் வரவில்லை? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

10 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள ஒரு சுவர். 4 அங்குல அகலமும் ஒரு அங்குல கனமும் உள்ள பலகைகளைப் படுக்க வைத்து அடுக்கினால் மொத்தம் 120 வரிசை வரும். மரம் 33 கன அடி வேண்டும். அதே சுவரைத் தூண் நட்டு ஒரு அங்குலப் பலகை அறைந்து மூடினால், தூண் நீங்கலாக, 8 கன அடிக்குச் சற்று அதிகம். அதாவது அடுக்குச் சுவருக்கு நான்கு மடங்கு மரம்!

ஆக, பலகை அடுக்கு மலிவானது என்பது பாதி உண்மைதான். கூலி மிச்சம், மரம் செலவு. பக்கத்திலேயே காடும் மரம் அறுக்கும் ஆலையும் இருக்கிற ஊரில் அது மலிவு. மரம் கடல் தாண்டி வர வேண்டிய ஊரில் அது பெரும் ஆடம்பரம். ஃபௌலரே கூட 1853-ல் வந்த பதிப்பில் பலகையை விட்டுவிட்டுச் சரளைக் கல்லும் சுண்ணாம்பும் கலந்த சுவருக்கு மாறிவிட்டார். எந்தப் பொருள் காலடியில் கிடைக்கிறதோ அதுதான் மலிவு என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

செட்டிநாட்டின் காலடியில் கிடைத்தது மண். செங்கல் சூளை போட மண் உண்டு. சுண்ணாம்பு உண்டு. கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சாந்தை இழைத்து இழைத்துக் கண்ணாடி போல் ஆக்கத் தெரிந்த கொத்தனார்கள் உண்டு. சுட்டெரிக்கும் வெயிலுக்குத் தடித்த செங்கல் சுவர்தான் ஏற்றது. பகலில் வாங்கிய சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். கரையான் பயமும் சுவருக்கு இல்லை.

எனவே தேக்கை எங்கே வைத்தால் அதற்கு மாற்று இல்லையோ அங்கே மட்டும் வைத்தார்கள். நீண்ட இடைவெளியைத் தாண்ட உத்திரம். பாரம் தாங்கத் தூண். அடிக்கடி திறந்து மூடக் கதவு. செங்கல்லால் செய்ய முடியாத வேலையை மரம் செய்தது. மரம் தேவையில்லாத இடத்தைச் செங்கல் பார்த்துக்கொண்டது. ஆடம்பரம் என்று பேர் வாங்கிய வீடுகளுக்குள் இப்படி ஒரு வியாபாரியின் கணக்கு ஒளிந்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். பலகையை அடுக்கினால் சுவரின் உயரம் முழுவதும் குறுக்குவாக்கு. 100-க்கு 3 பங்கு சுருங்கினாலும் 10 அடிச் சுவர் மூன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும். தேக்கு இதில் நல்ல பிள்ளை. பர்மாவில் மரத்தை வெட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அடிப்பகுதியில் வளையமாக வெட்டி, நின்றபடியே காய விடுவார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது, காய்ந்தால்தான் மிதக்கும். ஐராவதி ஆற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூன் ஆலைகளுக்குக் கொண்டு வர இதுதான் வழி. அப்படிப்பட்ட மரம் தூணாக நிமிர்ந்து நின்றால் நூறு வருடம் ஆனாலும் உயரம் குறையாது.

பர்மாவில் மரச்சுவர்

இந்த மரம் எங்கிருந்து வந்ததோ அந்த பர்மாவில் நிலைமை நேர்மாறு. அங்கே வீட்டின் சுவரே மரம். 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதன் பிறகு அங்கே நெல் சாகுபடி கிடுகிடுவென்று வளர்ந்தது. காட்டை அழித்து வயலாக்கிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டார்கள். அந்த வட்டிப் பணத்தில்தான் இங்கே மாளிகைகள் எழுந்தன.

1930-களில் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்பித் தர முடியாமல் விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். 1938-ல் அது 25 சதவீதம்! நிலத்தை இழந்தவர்களுக்குக் கோபம். நிலத்தை வாங்கியவர்களுக்கோ பணம் முடங்கியது. 1942-ல் ஜப்பானியர் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வர வேண்டியதாயிற்று. அதோடு செட்டிநாட்டில் பெரிய வீடு கட்டும் காலமும் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

கழற்ற முடிந்தது பிழைத்ததா?

மரத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதைக் கழற்றலாம். மறுபடி மாட்டலாம்.

மாண்டலேயில் ஷ்வேநந்தா என்றொரு தேக்கு மடாலயம் இருக்கிறது. அது முதலில் அரண்மனையின் ஒரு பகுதி. 1878-ல் மிண்டோன் மன்னர் இறந்த பிறகு அவர் மகன் தீபோ அதைக் கழற்றி, அரண்மனைக்கு வெளியே கொண்டு போய் மறுபடி பொருத்தி, மடாலயமாக்கினார். 1945 போரில் அரண்மனையின் பெரும்பகுதி எரிந்து போனது. வெளியே நின்ற அந்தக் கட்டடம் தப்பித்தது. கழற்ற முடிந்ததால் பிழைத்தது.

செட்டிநாட்டில் அதே குணம் வேறு விதமாக வேலை செய்கிறது. வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். பராமரிக்கக் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் வீட்டைப் பிரித்து விற்க முடிவாகிறது. முதலில் போவது மரம். தூண், நிலை, கதவு, உத்திரம் ஒவ்வொன்றாக இறங்கிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும். அங்கிருந்து ஏதோ ஒரு ஓட்டலுக்கோ பங்களாவுக்கோ போகும். செங்கல் சுவரையும் முட்டை வெள்ளைக்கருப் பூச்சையும் யாராலும் கழற்ற முடியாது. அவை இடிந்து மண்ணோடு மண்ணாகும். மரம் பிழைக்கிறது, வீடு சாகிறது.

இதற்கு நல்ல உதாரணமும் இல்லாமல் இல்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டின் பகுதிகளை மறுபடி பொருத்தி வைத்திருக்கிறார்கள். கேரளத்திலிருந்து கழற்றி வந்த மரவீடுகளும் அங்கேயே இருக்கின்றன. செங்கல் சுவரையும் பலகைச் சுவரையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடம். ஆனால் ஓர் அருங்காட்சியகத்தில் எத்தனை வீடுகளை வைக்க முடியும்?

2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. பட்டியலில் பேர் வந்ததால் மட்டும் ஒழுகும் ஓடு சரியாகிவிடாது. செட்டிநாட்டு வீடு என்றால் வெறும் தேக்கு என்று நினைப்பவர்கள் தேக்கை மட்டும்தான் காப்பாற்றுவார்கள். எதை எங்கே வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய அந்த அறிவு, தூணைச் சுற்றி நிற்கும் செங்கல் சுவரில்தான் பாதி இருக்கிறது. சுவர் போய்விட்டால் தூண் வெறும் மரம்தான்.