ஹர்ரானிய்யாவின் சிறுவர் தறிகள்

பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழிலையேனும் பழக்கிவிட வேண்டும் என்பதில் நம்மவரிடையே கருத்து வேற்றுமை இல்லை. எந்தத் தொழிலை, எந்த வயதில், எவ்வளவு என்று கேட்டால்தான் பேச்சு நீள்கிறது. அதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. கற்பிக்கும் உஸ்தாது எந்த இடத்தில் தம் கையை எடுத்துக்கொள்ள வேண்டும்? மிஸ்று நாட்டில், காஹிராவுக்குத் தென்மேற்கே, ஜீஸா பிரமிடுகளை ஒட்டி ஸக்காராவுக்குச் செல்லும் வழியில் ஹர்ரானிய்யா என்றோர் உழவர் கிராமம் இருக்கிறது. இந்த வினாவுக்கு அங்கே ஒருவர் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் தறிகளின் நடுவே இருந்து விடை தேடினார். அவர் ரம்ஸீஸ் வீஸா வாஸிஃப் என்னும் கட்டடக் கலைஞர்.

நெசவு மிஸ்றுக்குப் புதிதன்று. அறபு நூல்களில் ‘கபாத்தீ’ என்று வரும் மென்துகில், அதை நெய்த கிப்திகளின் பெயராலேயே வழங்கியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் கஅபாவுக்கு அத்துகிலே போர்த்தப்பட்டதென மக்காவின் வரலாற்றை எழுதிய அஸ்ரகீ பதிவு செய்துள்ளார். கிப்திக் கிறிஸ்தவர் நெய்ததையா கஅபாவுக்குப் போர்த்தினார்கள் என்று இன்று வியப்பவர் இருக்கலாம். நெய்தவன் யார் என்று பார்த்து நூலின் தரத்தை நிறுக்கும் வழக்கம் முன்னோரிடம் இருக்கவில்லை. பிற்காலத்தில் காஹிராவின் குருன்ஃபிஷ் பகுதியிலிருந்த தொழிற்கூடத்தில் நெய்த கிஸ்வா, இடையே சில ஆண்டுகள் நின்றதைத் தவிர, 1962 வரை மக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ரம்ஸீஸும் கிப்தி மரபினரே. பிறந்தது 1911இல். அவர் தந்தையார் வீஸா வாஸிஃபை மிஸ்றின் அரசியல் வரலாறு அறிந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். வஃப்துக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான அவர், 1930இல் சட்டமன்ற அவைத் தலைவராக இருந்தார். அரசாங்கம் மன்றத்தின் வாயிலைச் சங்கிலியிட்டுப் பூட்டியபோது, அச்சங்கிலியை உடைக்கக் கட்டளையிட்டவர் அவர்தாம். ‘சங்கிலி உடைத்தவர்’ என்றே மக்கள் அவரை அழைத்தனர். மகன் பாரிஸ் நகரில் கட்டடக் கலை பயின்று, 1930களின் நடுவில் நாடு திரும்பி, காஹிராவின் நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியரானார்.

1940களின் தொடக்கத்தில் பழைய காஹிராவில் ஒரு தொடக்கப்பள்ளிக் கட்டடத்தை அமைக்கும் பணி அவருக்கு வாய்த்தது. கட்டி முடித்ததோடு அவர் போய்விடவில்லை. பள்ளி நேரம் முடிந்தபின் பிள்ளைகளைச் சேர்த்து நெசவு பழக்கும் வகுப்பொன்றைத் தொடங்கினார். ஓவியம் இருக்க நெசவை ஏன் எடுத்தார்? தாளில் கோடிழுப்பது நொடியில் முடிந்துவிடும், பிடிக்காவிட்டால் கிழித்தெறியலாம். தறி அப்படி விடுவதில்லை. பாவு நூலுக்குள் ஊடையை ஒவ்வொரு வரியாகச் செலுத்தி, சீப்பால் தட்டி இறுக்க வேண்டும். கையின் உழைப்பும் நெஞ்சின் கற்பனையும் ஒன்றையொன்று முந்தாமல் சேர்ந்தே நடக்க வேண்டிய தொழில் அது. பிள்ளைக்குப் பொறுமை கற்பிக்க நாம் சொல்லும் நூறு உபதேசங்களைவிட அந்தச் சீப்பு நன்றாகக் கற்பித்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இவ்வழியில் அவருக்கு முன்னோடி ஒருவர் இருந்தார். மிஸ்றில் கலைக் கல்விக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான ஹபீப் ஜூர்ஜீ, ஏழைக் குடும்பப் பிள்ளைகளிடம் களிமண்ணைக் கொடுத்து, ‘இப்படிச் செய்’ என்று ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டுப் பார்த்தார். அப்பிள்ளைகள் வனைந்த உருவங்கள் அயல்நாடுகளிலும் பாராட்டப்பட்டன. அவர் மகள் ஸோஃபியை ரம்ஸீஸ் மணந்தார். ஆகவே இந்தச் சிந்தனை அவருக்கு வீட்டிலும் துணையிருந்தது.

நகரத்து வகுப்பு அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1951இல் ஹர்ரானிய்யாவில் நிலம் வாங்கினார். நெசவுப் பரம்பரை ஏதும் இல்லாத ஊராக அதைத் தேர்ந்தது கவனிக்கத்தக்கது. அங்கே பச்சைச் செங்கற்களால், நூபிய நாட்டுக் கொத்தர்களின் மரபைப் பின்பற்றி, கவிகூரையும் குப்பாவுமாகப் பட்டறைகளை எழுப்பினார். அவர் காலத்தவரும் நண்பருமான ஹஸன் ஃபத்ஹீ புகழ்பெறச் செய்த கட்டுமுறையும் அதுவே. ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் தறியில் அமர்ந்தார்கள். திறமையுள்ளவன் இவன், இல்லாதவன் அவன் என்று பொறுக்கி எடுக்கும் தேர்வு எதுவும் வைக்கப்படவில்லை. முதலில் சிறிய தறி, அதில் குறுகிய நாடா. கை பழகியபின் ஒரு மரம், ஒரு பறவை. ஆண்டுகள் சென்றபின் சுவரளவு திரைகள்: நைல் கரையின் பேரீச்சந்தோப்பு, வாத்துகள், கழுதைகள், அறுவடைக் களம், திருமண ஊர்வலம். கம்பளி நூலுக்குச் சாயம் தோட்டத்திலேயே விளைந்தது. சிவப்புக்கு மஞ்சிட்டி இனச் செடி, நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கு வேறொரு செடி.

ரம்ஸீஸ் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டார். முன்கூட்டி வரைபடம் கூடாது. பிள்ளை நேரே தறியிலேயே எண்ணி நெய்ய வேண்டும். பிறர் கலையைப் பார்த்து நகல் எடுக்கக் கூடாது. ஆகவே ஓவியப் புத்தகமோ காட்சிச்சாலையோ அவர்களுக்குக் காட்டப்படவில்லை. மூன்றாவது, பெரியவர் எவரும் குறை சொல்லவோ திருத்தவோ கூடாது. இம்மூன்றாம் விதி அவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட விலங்கு. பிள்ளையின் தறிக்கு முன் வாய்மூடி நிற்பது எத்தனை கடினம் என்பது ஒரு நாளேனும் பலகையும் கலமுமாக ஓதிக்கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

நம் மரபு இதற்கு நேர்மாறானதல்லவா என்று கேட்பவர்க்கு ஒரு சொல். எழுத்துக் கலையில் உஸ்தாது எழுதித் தரும் ‘மஷ்க்’ என்னும் மாதிரியைப் பார்த்து மாணவன் நூறு தடவை எழுத வேண்டும். அலிஃபின் உயரமும் நூனின் வளைவும் அவன் இஷ்டத்துக்கு விடப்படுவதில்லை. ஹிஜ்ரி 784இல் (1382) மிஸ்றுக்கு வந்து, 808இல் (1406) காஹிராவிலேயே மறைந்த அல்லாமா இப்னு கல்தூன், தம் ‘முகத்திமா’வில் இதைப் பற்றி நுட்பமாக எழுதியுள்ளார். மேற்கு நாடுகளில் பிள்ளைகள் முழுச்சொற்களைப் பார்த்து எழுதியே பழகுகிறார்கள் என்றும், காஹிராவில் அதற்கெனவே அமைந்த ஆசிரியர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் இலக்கணம் சொல்லிப் பழக்குகிறார்கள் என்றும், அதனால் கை விரைவில் தேறுகிறது என்றும் அவர் கூறுகிறார். தொழில் என்பது திரும்பத் திரும்பச் செய்து உள்ளத்தில் ஊன்றும் ‘மலகா’ என்பது அவர் கொள்கை. அதே நூலில், பிள்ளைகளைக் கடுமையாக அடக்கிக் கற்பிப்பது அவர்கள் மனத்தை ஒடுக்கி, பொய்யும் சூதும் பழகச் செய்துவிடும் என்று எச்சரித்தவரும் அவரே.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஹர்ரானிய்யா அவருக்கு மாறுபட்டதன்று என்பது விளங்கும். பாவை எப்படி இறுக்குவது, ஊடையை எப்படித் திருப்புவது, சாயத்தை எப்படிக் காய்ச்சுவது என்பவற்றை ரம்ஸீஸ் விட்டுவிடவில்லை, அவை கற்பிக்கப்பட்டன. கையின் மலகா கொடுக்கப்பட்டது. வடிவம் மட்டும் பிள்ளையிடம் விடப்பட்டது. எழுத்து முன்னோரிடமிருந்து நம்மிடம் வந்த அமானத்து. அதில் ஒரு புள்ளி பிசகினாலும் பொருள் பிறழும். பிள்ளை கண்ட பேரீச்ச மரம் அத்தகைய அமானத்தன்று. அதன் ஓலை நீலமாக இருந்தால் எந்த வசனம் பிழைபடப் போகிறது?

உயிருள்ளவற்றின் உருவம் பற்றிய வினா இங்கே எழாமலிராது. பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். நெய்ததோ வாத்தும் கழுதையும் மனிதரும். உருவங்களைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் ஸஹீஹானவை என்பதில் ஐயமில்லை. ஆடையில் அமைந்த சித்திரத்துக்கு விலக்களிக்கும் அறிவிப்பும் புகாரீ கிரந்தத்தில் உள்ளது. அந்த விலக்கு மரம் போன்ற உயிரற்றவற்றின் வடிவத்தையே குறிக்கும் என்பது இமாம் நவவீ அவர்களின் விளக்கம். எல்லோரும் அதை ஏற்றதில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பாவைகளையும், அவற்றிடையே இருந்த சிறகு முளைத்த குதிரையையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டு புன்னகைத்த செய்தி அபூதாவூதில் உண்டு. மிஸ்றின் முஃப்தியாக 1899 முதல் 1905 வரை இருந்த ஷைகு முஹம்மது அப்துஹு, வணக்கத்துக்குரியதாகக் கொள்ளும் அச்சம் நீங்கிய இடத்தில் சித்திரம் பயனுள்ள கல்வியே என்று எழுதினார். நாம் ஈண்டு ஃபத்வா வழங்க முற்படவில்லை. எட்டு வயதுச் சிறுமியின் வாத்தை வழிபாட்டுப் பொருளோடு ஒப்பிடுவோரிடம் நமக்கு உடன்பாடில்லை என்பதை மட்டும் சொல்லி நகர்கிறோம்.

நமக்கு உறுத்துவது அவருடைய இரண்டாம் விதி. பிறர் கலையைப் பாராமல் காத்தால் பிள்ளையின் தனித்தன்மை கெடாது என்றார் ரம்ஸீஸ். பாரிஸில் படித்தவர், உலகின் காட்சிச்சாலைகளைக் கண்டவர், கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் ஏன் கதவைச் சாத்தினார்? பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று மறை பன்முறை ஏவுகிறது. ஊரைச் சுற்றியுள்ள வயலும் கால்வாயுமே போதுமென்று நமக்கு நாமே எல்லை வகுத்துக்கொள்வது வேறு. இன்னொருவர் நமக்காக வகுப்பது வேறு. அத்திரைகளின் அழகை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 1958இல் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டு, பின்னர் ஐரோப்பாவின் பல நகரங்களுக்கும் சென்றன. ஹர்ரானிய்யாச் சிறுவரின் பெயர்கள் ஓவிய ஏடுகளில் இடம்பெற்றன. வேலியிட்டதன் விளைவாகத்தான் அந்த அழகு வந்ததா, வேலியையும் மீறி வந்ததா என்று நம்மால் தீர்மானிக்க இயலவில்லை.

ஆனால் ஒன்றில் அவரைப் பாராட்டாமலிருக்க முடியாது. அவர் பிள்ளைகளைப் பயன்படுத்திவிட்டுப் பெரியவர்களானதும் கைவிடவில்லை. நெய்தவர்க்குக் கூலி கிடைத்தது. அலீ ஸலீம், காரியா மஹ்மூது போன்ற முதல் தலைமுறையினர் மணமுடித்து, மக்களைப் பெற்று, பல பத்தாண்டுகள் அங்கேயே நெய்தனர். பெரிய திரையொன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். நெய்த பகுதி கீழ் உருளையில் சுருண்டு மறைந்துகொண்டே போகும். கண்முன் நிற்பது சிறு பகுதியே. மற்றதை நினைவில் வைத்தே நெய்ய வேண்டும். தறியிலிருந்து அறுத்து இறக்கும் நாளில்தான் நெய்தவரே முழுத் திரையையும் காண்கிறார்.

ரம்ஸீஸ் 1974இல் காலமானார். மனைவி ஸோஃபியும் மகளிர் இருவரும் பணியைத் தொடர்ந்தனர். இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளும் சிறு தறியில் குறுகிய நாடாவிலிருந்தே தொடங்கினர். 1983இல் அக்கட்டடங்களுக்கு ஆகாகான் கட்டடக்கலை விருது கிடைத்தது. புகழ் வந்ததும் போலிகளும் வந்தன. ஹர்ரானிய்யாத் திரைகளைப் பார்த்து நெய்த நகல்கள் காஹிராக் கடைகளில் மலிந்தன. அதே ஸக்காராச் சாலையின் இருமருங்கிலும் ‘கம்பளப் பள்ளி’ என்ற பெயர்ப்பலகைகள் முளைத்தன. சுற்றுலாப் பேருந்து நிற்கும். பயணிகள் இறங்கி, சிறுமிகளின் விரல் வேகத்தைக் கண்டு வியந்து, கம்பளம் வாங்கிச் செல்வார்கள். அங்கேயும் பிள்ளைகள்தாம், அங்கேயும் தறிதான். ஆனால் ஒவ்வொரு தறியின் நெற்றியிலும் கட்டம் போட்ட வரைபடத் தாள் ஒன்று தொங்கும். பிள்ளையின் கண் அதைப் பார்க்கும்; கை முடிச்சிடும்; மீண்டும் தாளைப் பார்க்கும்.