வேலி போடாத ஊர்

இங்கிலாந்துக் கிராமம் என்றதும் மனதில் வரும் படம் ஒன்றுண்டு. பச்சைச் சதுரங்கள், அவற்றைச் சுற்றி முள்வேலி, மேட்டில் ஒரு தேவாலயக் கோபுரம். பிஸ்கட் டப்பா மூடியிலும் நாட்காட்டியிலும் பார்த்துப் பார்த்து, அது தொன்றுதொட்டு அப்படியே இருந்ததாக எண்ணிக்கொள்கிறோம். அந்நாட்டின் நடுப்பகுதியைப் பொறுத்தவரை அந்த வேலிகளில் பெரும்பாலானவற்றுக்கு வயது 200, மிஞ்சினால் 250 ஆண்டுகள். அதற்கு முன் அங்கே பரந்த திறந்த வயல்கள்தான் கிடந்தன. அவை எப்படியிருந்தன என்று இன்றும் கண்ணால் காண வேண்டுமானால் நாட்டிங்கம்ஷயர் மாவட்டத்து லாக்ஸ்டனுக்குப் போகலாம். அவ்வூர் வேலிக்குத் தப்பியது பழமைப் பற்றினால் அல்ல. இரண்டு பிரபுக் குடும்பங்கள் ஒத்துப்போகாததால்தான் என்பது என் வாதம்.

லாக்ஸ்டன் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கேட்டில் இடம்பெற்ற ஊர். நார்மானியர் எழுப்பிய கோட்டையின் மண்மேடு ஊருக்கு வடக்கே இன்னும் நிற்கிறது. ஆனால் ஆய்வாளர்களை இங்கே இழுப்பது கோட்டையல்ல, ஒரு வரைபடம். லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டன் 1625இல் இவ்வூரை விலைக்கு வாங்கினார். வாங்கிய சொத்தில் என்னென்ன இருக்கிறது என்று வணிகருக்குத் தெரியவேண்டாமா? மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் 1635இல் ஊரை அளந்து, ஒவ்வொரு துண்டும் யாருடையது, எவ்வளவு என்று ஏட்டில் எழுதி, படமும் வரைந்து கொடுத்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலக்கீற்றுகள் அதில் உள்ளன. வெறும் கோடுகளோடு அவர் நிறுத்தவில்லை. வயல்களுக்குள் ஏர் ஓட்டுபவர், அறுப்பவர், வேட்டைக்குப் போகிறவர் எனக் குட்டிக் குட்டி மனிதர்களையும் வரைந்திருக்கிறார். கணக்குப்பிள்ளை வேலைக்கு இது தேவையே இல்லை, நமக்கு லாபம். அந்தப் படம் இப்போது ஆக்ஸ்ஃபர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

ஒரு குடியானவருக்கு நிலம் ஒரே இடத்தில் கிடையாது. மூன்று பெருவயல்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். நல்ல மண், மோசமான மண், மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் பங்கு. கீற்றுகள் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்ததற்குக் காரணம் ஏர். லாக்ஸ்டனில் களிமண், காளைகள் பூட்டிய கனத்த கலப்பையைத் திருப்புவது பெரும்பாடு. ஆகவே திருப்பாமல் எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் சால் நீண்டது. அந்தச் சாலின் நீளமே ஃபர்லாங், நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் பர்லாங்கு. அது 220 கஜம். அதை 22 கஜ அகலத்தால் பெருக்கினால் 4,840 சதுர கஜம், அதாவது ஓர் ஏக்கர். ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடியது என்று கருதப்பட்ட பரப்பு. (கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளமும் அதே 22 கஜம்தான்.) பத்திர அலுவலகத்தில் நாம் நாள்தோறும் சொல்லும் ஏக்கருக்குள் முன்பின் தெரியாத ஒரு காளையின் களைப்பு இருக்கிறது.

சுழற்சி எளிது. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி அல்லது பயறு, மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு ஒவ்வொன்றும் ஒரு படி நகரும். அறுவடை முடிந்ததும் அந்த வயல் ஊர் மாடுகளுக்குப் பொது. அதனால் ஒருவர் மட்டும் தனக்குப் பிடித்ததை, பிடித்த நாளில் விதைக்க முடியாது. எல்லாவற்றையும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். கூடும் இடம் ‘கோர்ட் லீட்’ என்னும் ஊர்மன்றம்.

கீற்றுக்கும் கீற்றுக்கும் இடையே வரப்பு இருந்தது என்றே நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. 1938இல் ‘தி ஓப்பன் ஃபீல்ட்ஸ்’ நூலை எழுதிய ஆர்வின் தம்பதியினர் இதை மறுத்தனர். லாக்ஸ்டனைக் காட்டி, கீற்றுகளைப் பிரித்தது வெறும் உழவுச்சால்தான், புல் வரப்பு அல்ல என்றார்கள். வேளாண்மை தெரிந்தவர்கள் எழுதிய வரலாறு என்பது அந்நூலைப் படிக்கும்போதே தெரிகிறது. வரப்பே இல்லாத இடத்தில் அடுத்தவர் நிலத்தில் ஒரு சால் தள்ளி உழுவது எவ்வளவு சுலபம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரப்பு இருந்தே நம் ஊரில் வெட்டுகிறார்கள். அதற்குத்தான் ஊர்மன்றம் நியமிக்கும் ஜூரி. நவம்பர் இறுதியில் ஒரு நாள், கோதுமை விதைத்த வயலை ஜூரிகள் நடந்து பார்க்கிறார்கள். யாராவது பாதையை உழுதிருந்தாலோ, எல்லை தாண்டியிருந்தாலோ, சரியான இடத்தில் சம்மட்டியால் முளைக்குச்சி அடிக்கிறார்கள். பிறகு டவ்காட் என்னும் ஊர் மதுக்கடையில் சாப்பாடு. ஒரு வாரம் கழித்து அதே கடையில் மன்றம் கூடி அபராதம் விதிக்கிறது. 1977இல் வந்த ஒரு சட்டம் நாட்டில் மிஞ்சியிருந்த இத்தகைய மன்றங்களில் பெரும்பாலானவற்றின் அதிகாரத்தைப் பறித்தது. லாக்ஸ்டனுக்கு விலக்கு.

இதே போன்ற ஏற்பாடு மற்ற ஊர்களில் ஏன் அழிந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நாடாளுமன்றம் ஊர் ஊராக ‘அடைப்புச் சட்டம்’ போட்டது. மொத்தம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள், ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. ஆணையர்கள் வந்து சிதறிய கீற்றுகளை ஒன்றுசேர்த்துத் தனித்தனிச் சதுரங்களாகப் பிரித்தார்கள். சுற்றி முள்செடி வேலி, நடுவே நேரான சாலை. கவிஞர் ஜான் கிளேரின் ஊரான ஹெல்ப்ஸ்டனுக்கு 1809இல் சட்டம் வந்தபோது அவருக்கு வயது 15. சிறுவயதில் சுற்றித் திரிந்த பொதுவெளி தன் கண்ணெதிரே அடைபட்டதை அவர் வாழ்நாள் முழுதும் எழுதினார். ஏக்கர் கணக்கு வைத்திருந்தவர்களுக்குப் பங்கு கிடைத்தது. ஒரு பசுவும் கொஞ்சம் பொதுப்புல்லும் மட்டும் வைத்திருந்தவர்களில் பலர் வெறுங்கையோடு நின்றார்கள்.

இந்தச் சட்டங்களுக்குத் தலைகளின் எண்ணிக்கை கணக்கில்லை, நிலத்தின் மதிப்பே கணக்கு. பெரிய உடைமையாளர் ஒருவர் முறுக்கிக்கொண்டால் காரியம் நின்றுவிடும். லாக்ஸ்டனில் பெரும்பகுதி கிங்ஸ்டன் கோமகன் வழியில் வந்த மான்வெர்ஸ் பிரபுக்களிடமும், இன்னொரு பங்கு ஸ்கார்பரோ பிரபுவிடமும் இருந்தன. ஓரங்களில் கொஞ்சம் நிலம் அடைபட்டது. மீதிக்கு இரு தரப்பும் உடன்படவில்லை. 1870களுக்குப் பின் தானிய விலை சரிந்தபோது, பணம் செலவழித்து வேலி போட யாருக்கும் அவசரம் இருந்திருக்காது. குடியானவர்கள் போராடிக் காத்தார்கள் என்று எழுத ஆசைதான். சான்றுகள் இடம் தரவில்லை. பெரிய இடத்துப் பிணக்கில் ஊர் பிழைத்தது.

இந்தியாவோடு இந்தக் கதைக்கு ஒரு தொடர்புண்டு. 1862 முதல் 1869 வரை வைஸ்ராயின் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்த ஹென்றி மெய்ன், 1871இல் வெளியிட்ட நூலில் இந்தியக் கிராமக் கூட்டுடைமையையும் ஐரோப்பியத் திறந்த வயல்களையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகக் கண்டார். அந்தக் கொள்கை பிற்கால விமர்சனத்தில் தளர்ந்தது. ஆனால் அதே 1871இல் இந்தியாவில் வந்த கால்நடை அத்துமீறல் சட்டம் வேறொரு உறவை நிலைநாட்டியது. லாக்ஸ்டனில் அலைந்து திரியும் மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்க ‘பிண்டர்’ என்றொரு ஊழியர் உண்டு. நம் ஊர்க் கொண்டி மாடுகளைப் பிடித்து அடைத்த ‘பவுண்டு’ம் அந்த ஆங்கிலப் பட்டியின் வழிவந்ததுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபுவின் பண்ணை அலுவலகம் கீற்றுகளைச் சேர்த்து அகலமாக்கியது. 1952இல் மான்வெர்ஸ் பிரபு ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது முடியரசு நில நிர்வாகத்துக்குப் போனது. 2020இல் அதே மான்வெர்ஸ் குடும்ப வழியின் தோர்ஸ்பி எஸ்டேட் திரும்ப வாங்கியது. வயல்களுக்கு நடுவே ‘சைக்’ எனப்படும் ஈரமான பள்ளங்கள் உண்டு. ஏர் இறங்க முடியாததால் அவை உழப்படவே இல்லை. அங்கே விளையும் புல் கோடைதோறும் ஏலத்தில் போகிறது. ஏரின் இயலாமையில் தப்பிய அந்தப் புல்வெளியின் காட்டுப்பூக்களுக்கு இப்போது சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. கோதுமை வயலில் டிராக்டர் ஓடுகிறது. டிராக்டர் வந்ததால் எல்லை தாண்டும் சபலம் போய்விடவில்லை. மன்றம் கூடும்போதே அடுத்த ஆண்டுக் கோதுமை வயலுக்கான ஜூரிகளையும் நியமித்துவிடுகிறார்கள்.