மாப்பிள்ளையை விசாரித்தீர்களா?

வண்டலூரில் எங்கள் தெருவில் பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் முதலில் நிற்பது மளிகைக் கடையில்தான். எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள், யாரோடு பேசுகிறாள் என்பதெல்லாம் காசில்லாமல் கிடைத்துவிடும். நானும் அப்படி விசாரிக்கப்பட்டவள்தான். என் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டது சம்பளம் மட்டும்.

'அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டா?' என்ற கேள்விக்கு நெடுங்காலம் சட்டத்தில் மதிப்பில்லை. முதல் மணத்தை மறைத்து மறுமணம் செய்தால் பத்தாண்டு வரை சிறை என்றது 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 495ஆம் பிரிவு. இந்து ஆணுக்குப் பலதார மணம் செல்லும் என்றிருந்ததால் அது அவனைத் தொடவில்லை. சென்னை மாகாணம் 1949இல் அதைத் தடைசெய்தது. 1955இல் இந்து திருமணச் சட்டமும் அதையே சொன்னது.

இன்று துப்பறியும் நிறுவனங்கள் பணம் வாங்கிக்கொண்டு விசாரிக்கின்றன. இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டம், பெயர், ஆண்டு கொடுத்து வழக்குகளை இலவசமாகத் தேடலாம். பெயர் ஒத்துப்போனால் ஆள் அவர்தானா என்று பார்க்க வேண்டும். வழக்குக்கே போகாத முதல் மணமும் உண்டு. ஆகவே அவர் முன்பு குடியிருந்த தெருவுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.

என் மாணவிகளிடம் சொல்வேன்: கேட்கக் கூசாதீர்கள். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் உயிர் வரவே 89 ஆண்டுகள் ஆயின.