முலாம் புதுப்பித்தலும் சான்றழிவும்: பழைய சாக்ஸபோன்களை முன்வைத்து

1920களில் அமெரிக்காவின் எல்கார்ட் நகரில் கான், பியூஷர் போன்ற நிறுவனங்கள் செய்த தங்க முலாம் சாக்ஸபோன்களில் பல இன்றும் வாசிப்பில் உள்ளன. பொன்னிறம் மங்கினால் பழைய முலாமை முற்றிலும் நீக்கிப் புதிதாகப் பூசிவிடுவது பட்டறை வழக்கம். முலாம் தேய்ந்ததால் கருவிக்கு நேர்ந்த இழப்பைவிட இந்தப் புதுப்பித்தலால் நேரும் இழப்பே பெரிது என்பது என் வாதம்.

முதலில், தங்கம் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். இக்கருவிகளில் பித்தளை உடலின் மீது வெள்ளியும் அதன் மீது தங்கமும் பூசப்பட்டுள்ளன. பித்தளையின் மீது நேரடியாகப் பூசினால் செம்பு காலப்போக்கில் தங்கத்தினுள் ஊடுருவி நிறத்தைக் கெடுக்கும். அதைத் தடுக்கவே இடையில் வெள்ளி. ஆனால் மெல்லிய முலாமில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அவற்றின் வழியே வெள்ளியை எட்ட, அங்கே உண்டாகும் வெள்ளி சல்பைடு மேலே கசிந்து தங்கத்தின் மீது கருமையாகப் படர்கிறது. பெட்டிக்குள்ளிருக்கும் கம்பளித் துணியும் ரப்பரும்கூடக் கந்தகத்தை வெளியிடக்கூடியவை. ஆக, கறுத்துப்போன கருவி பலவற்றில் தங்கம் அந்தக் கருமைக்கு அடியில் அப்படியே இருக்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தாலே இதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்; எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனை, கருவிக்குச் சேதமின்றி அடுக்குகளின் கனத்தையும் சொல்லும். இந்தச் சோதனைகளைச் செய்யாமல் முலாமை உரிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அப்படி எஞ்சியிருக்கும் தங்கமும் மெல்லியதே. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் கனத்துக்குப் பூசவே 19.3 கிராம் தங்கம் தேவை. இவ்வளவு விலையுள்ள உலோகத்தை யாரும் தடிமனாகப் பூசுவதில்லை. அதனால்தான் உராய்வுப் பொடி கலந்த சாதாரண பாலிஷ்கூட இந்த முலாமுக்கு ஆபத்தானது.

முழுப் பூச்சுக்கு நடக்கும் தயாரிப்போ இன்னும் கடுமையானது. சாவிகள், ஊசி ஸ்பிரிங்குகள், தோல் பேடுகள் எல்லாம் கழற்றப்படும். பழைய தங்கமும் வெள்ளியும் ரசாயனத் தொட்டியில் உரிக்கப்படும். பிறகு சுழலும் துணிச் சக்கரத்தில் பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். உண்மையான சேதம் இங்கேதான். கருவியின் மணி வடிவ வாயில் கையால் செதுக்கிய வேலைப்பாட்டின் நுண்கோடுகள் மழுங்குகின்றன. மணல் வீச்சால் உண்டான மங்கிய பரப்பு அழிகிறது. தொனித் துளைகளின் விளிம்பும் தேயலாம். கட்டைவிரல் பதிந்த இடத்திலும் உள்ளங்கைச் சாவிகளிலும் தெரிந்த தேய்மானமும் மறைகிறது. பல ஆண்டுகளாக ஒருவர் கருவியை எப்படிப் பிடித்தார் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று நமக்கு வேறெங்கே கிடைக்கும்?

முலாம் நாதத்தைச் செழுமையாக்கும் என்ற நம்பிக்கையும் புதுப்பித்தலுக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. 1971இல் ஆய்வாளர் ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே அளவில் செய்த புல்லாங்குழல்களை ஒப்பிட்டார். கேட்டவர்களால் உலோகத்தை மரத்திலிருந்துகூடப் பிரித்தறிய முடியவில்லை. சாக்ஸபோன் வேறு கருவிதான். ஆயினும் குழற்சுவரின் பொருளே பெரிதாக மாற்றாத நாதத்தை, மைக்ரான் அளவிலான மேற்பூச்சு மாற்றும் என்று கூறுபவர்தாம் அதை நிறுவ வேண்டும்.

நினைவுச்சின்னங்களுக்கென எழுந்த 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது. பழைய அடுக்கை உரித்த பின் அதன் கனமும் தங்கத்தின் நிறச்சாயலும் வெறும் ஊகமாகிவிடுவதால், அந்த நெறி இங்கும் பொருந்தும்.

வாசிக்கும் கலைஞருக்கு வியர்வை அரிப்பிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பது நியாயமான எதிர்வாதம். அதற்கு, பித்தளை வெளிப்பட்ட இடத்தில் மட்டும் தூரிகை மின்முலாம் பூசினால் போதும். நிறம் சற்று வேறுபட்டுத் தெரியும். அந்த வேறுபாடு நேர்மையானது என்றே கருதுகிறேன். முழுப் பூச்சு தவிர்க்க முடியாததானால், கழற்றக்கூடிய சாவிக் காப்பு ஒன்றையாவது தொடாமல் விட்டு, புதிய அடுக்குகளின் வகையையும் கனத்தையும் எழுதி வைக்க வேண்டும். இன்றைய பட்டறைகள் சிலவற்றில் வெள்ளிக்குப் பதிலாக நிக்கல் அடியடுக்கு இடப்படுகிறது. குறிப்பு இல்லையெனில், நாளைய ஆய்வாளர் அந்த நிக்கலை எல்கார்ட் தொழிற்சாலையின் வேலை என்றே பதிவுசெய்யக்கூடும்.