ஈயக்குண்டும் ஊசலும்

துவக்கிலிருந்து புறப்படும் ஈயக்குண்டு எவ்வளவு விரைவிற் செல்கின்றது? எத்துணைத் தூரம் சென்று வீழும்? படைக்கலம் கையாண்டோர் நெடுங்காலம் இவ்வினாக்களுக்கு ஊகத்தாலேயே விடை கூறிவந்தனர். கட்புலனாகாது பறக்கும் பொருளின் வேகத்தை அளத்தற்கு அவர்கள்பாற் கருவி எதுவும் இருந்ததில்லை.

இத்தாலியக் கணித அறிஞர் தார்த்தாலியா 1537 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், குழலை 45 பாகை உயர்த்தினாற் குண்டு மிகக்கூடிய தூரம் செல்லும் என்றார். 1638 இற் கலிலியோ எறியத்தின் பாதை பரவளைவாகும் என நிறுவினார். வெடிமருந்தின் கடுவிசையாற் செல்லும் குண்டின் பாதை வளித்தடையினால் திரிபடையும் என்பதையும் அவரே உணர்ந்திருந்தார். பின்வந்தோர் பலரோ, கனத்த ஈயத்தைக் காற்று என்செய்யும் எனக் கருதி, அவ்வெச்சரிக்கையை மறந்தனர்.

அம்மயக்கத்தை நீக்கியவர், 1707 இல் இங்கிலாந்தின் பாத் நகரிற் பிறந்து, இலண்டனிற் கணிதம் கற்பித்த பெஞ்சமின் றொபின்ஸ் ஆவர். பீரங்கிக்கலையின் புதிய தத்துவங்களைப் பற்றி 1742 இல் அவர் வெளியிட்ட நூலிற் கூறப்பட்ட கருவி மிக எளியது. மரப்பலகை பொருத்திய பாரமான ஊசலொன்றிற் குண்டு பாய்ந்து தங்கும். ஊசல் பின்னோக்கி ஆடும். அதனோடிணைத்த நாடா ஆட்டத்தின் அளவைக் காட்டும். மோதலின் முன்னும் பின்னும் உந்தம் மாறாது என்பதே இதன் அடிப்படை. எடுத்துக்காட்டாக, 1/12 இறாத்தற் குண்டு 50 இறாத்தற் கட்டையிற் புதையின், அசையும் திணிவு முன்னையதிலும் 601 மடங்காகும். செக்கனுக்கு 1600 அடியாகிய வேகம் 3 அடிக்கும் குறைந்து, அளத்தற்கு எளிதாகின்றது.

இவ்வாறு 3/4 அங்குல ஈயக்குண்டின் வேகம் செக்கனுக்கு 1600 அடிக்கு மேற்படும் என அவர் கண்டார். ஊசலைத் தொலைவில் நிறுத்தி, இடைவழியில் இழந்த வேகத்தையும் அளந்தார். பெறப்பட்ட முடிவு வியப்பூட்டுவது: வளித்தடை குண்டின் நிறையிலும் ஏறக்குறைய 120 மடங்காயிருந்தது. செக்கனுக்கு 1700 அடி வேகமுள்ள குண்டு பரவளைவுக் கணக்கின்படி 17 மைல் செல்லவேண்டும். துவக்குக் குண்டு அரை மைலையும் எட்டுவதில்லை என்பதே அக்காலத்தோர் பட்டறிவு. ஒலியின் வேகத்தை மிஞ்சுமிடத்துத் தடை எதிர்பார்த்ததிலும் மும்மடங்காவதையும் அவர் குறித்தார்.

பெருங்கணிதர் ஒயிலர் இந்நூலை விரிவான உரையுடன் 1745 இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். 1746 இல் இலண்டன் அரச கழகம் றொபின்ஸுக்குக் கொப்பிளிப் பதக்கம் அளித்தது.

அவர் வாழ்வின் இறுதி தமிழ் நிலத்தில் நிகழ்ந்தது. 1746 இற் பிரெஞ்சியர் கைப்பட்டு 1749 இல் மீண்ட சென்னைக் கோட்டையையும், கடலூரை அடுத்த புனித தாவீது கோட்டையையும் வலுப்படுத்தற்கெனக் கிழக்கிந்தியக் கம்பனி அவரைப் பொறியியலாளராக அனுப்பியது. 1750 இல் வந்தவர், 1751 யூலை 29 இல் அத் தாவீது கோட்டையிலேயே உயிர்நீத்தார்.

மேலோர் கூற்றாயினும் அளந்தே ஏற்றல் வேண்டும் என்பது அவ்வூசல் புகட்டிய பாடம். அளந்தறிந்த அவ்வறிவு எவர் கைக்குப் பயன்பட்டது என்பதற்கு அக்கடற்கரைக் கோட்டை சான்றாகும். அறிவின் வரலாற்றைக் கற்போர் இவ்விரண்டனையும் ஒருங்கே நோக்குதல் தகும்.