நெருக்கடியும் தொலைக்காட்சியும்

போர்க்களத்திலிருந்து அரசவைக்கு ஓடிவந்த பண்டைத் தூதன், களத்தில் நடந்து முடிந்ததையே உரைத்தான். செய்தித்தாளும் நேற்று நடந்ததையே இன்று சொல்கிறது. தொலைக்காட்சியோ, நடந்துகொண்டிருப்பதை நடக்கும்போதே காட்ட வல்லது. இவ்விரைவு பேராற்றல், ஆகையால் பெரும்பொறுப்பும் ஆகும். அப்பொறுப்பு மறக்கப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகள் சான்று பகர்கின்றன.

1972ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள். மேற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்ற காலம். பாலஸ்தீன ஆயுதக் குழுவினர் இஸ்ரேல் வீரர்களின் விடுதியுள் புகுந்து இருவரைக் கொன்றனர். ஒன்பது பேரைப் பிணையாகப் பிடித்தனர். மாலையில், விளையாட்டுடை அணிந்த காவலர் சிலர் மீட்புக்காகக் கூரைமீது ஏறினர். அக்காட்சி நேரடியாக ஒளிபரப்பாயிற்று. உள்ளே இருந்த ஆயுததாரிகளிடமும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது! முயற்சி கைவிடப்பட்டது. அன்றிரவு விமான தளத்தில் நடந்த மற்றொரு மீட்பு முயற்சியும் தோல்வியுற்று, அந்த ஒன்பது பேரும் மாண்டனர்.

1988ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதே நாட்டில் கிளாட்பெக் என்னும் ஊரில் இருவர் வங்கியைக் கொள்ளையிட்டுப் பிணைக்கைதிகளுடன் தப்பிச் சென்றனர். கொலோன் நகரில் செய்தியாளர் அவர்கள் காரைச் சூழ்ந்துகொண்டு பேட்டி எடுத்தனர். ஒருவர் காரிலேயே ஏறி வழியும் காட்டினார்! 54 மணி நேரம் நீடித்த அக்கொடுமையில் மூவர் உயிரிழந்தனர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இரவு, கடல் வழியே வந்த பத்துப் பேர் மும்பையைத் தாக்கினர். 29ஆம் நாள் காலையில்தான் அது முடிவுற்றது. 166 பேர் பலியாயினர். அந்நாட்களில் தாஜ் விடுதி முன்னும் நரிமன் இல்லத்தின் முன்னும் ஒளிப்படக் கருவிகள் வரிசையாக நின்றன. 28ஆம் நாள் காலை அதிரடிப் படையினர் ஹெலிகாப்டரிலிருந்து நரிமன் இல்லத்தின் கூரையில் இறங்கியதை நாடெல்லாம் கண்டது. நாடு மட்டுமா கண்டது? தாக்கியவர்களை ஏவியோரும் பாகிஸ்தானில் அமர்ந்து தொலைக்காட்சியைக் கண்டு, தொலைபேசி வழியே அவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தனர். கூலி பெறாத ஒற்றனாயிற்று தொலைக்காட்சி.

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், அஜ்மல் கசாப்பின் மேல்முறையீட்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இதனை வன்மையாகக் கண்டித்தது. ஒளிபரப்பினால் உயிர்ச்சேதம் நேர்ந்ததா என்று அறுதியிட இயலாது என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொண்டது. ஆயினும் பாதுகாப்புப் படையினரின் பணி கடினமும் அபாயமும் மிக்கதாயிற்று என்றும், அலைவரிசைகள் நாட்டு நலனைக் கருதாது தம் வணிக நலனையே கருதின என்றும் கூறிற்று. எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம் என்பது நம்மவர் பழமொழி அன்றோ?

மக்களுக்கு அறியும் உரிமை இல்லையா எனச் சிலர் வினவுவர். உண்டு. எந்தத் தெரு அபாயமானது, எந்த மருத்துவமனைக்குக் குருதி வேண்டும் என்பன உடனே அறிய வேண்டியவை. எந்தச் சாளரத்தின் வழியே வீரன் நுழைகிறான் என்பதை ஒரு நாள் கழித்து அறிந்தால் குடிமகனுக்கு என்ன இழப்பு? ஆனால் அரசும் வாய் மூடியிருத்தல் ஆகாது. உண்மை பேசாத இடத்தில் வதந்தி பேசும். 2015ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதி இவ்விரண்டையும் கருதியது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையின் நேரடி ஒளிபரப்பை அது தடுத்தது. நடவடிக்கை முடியும்வரை, அதற்கென அமர்த்தப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் விளக்கத்தையே வெளியிட அனுமதித்தது.

மாணவர்களே, சட்டம் ஒளிபரப்புவோரைக் கட்டுப்படுத்தலாம். பார்ப்போரின் பசியைக் கட்டுப்படுத்த இயலாது. பரபரப்பை நாம் விரும்பும்வரை அதனை விற்போரும் இருப்பர். இன்று ஒவ்வொருவர் கைப்பேசியும் ஓர் ஒளிபரப்பு நிலையமாகிவிட்டது. ஆதலால் அன்று செய்தியாளருக்கு உரியதாயிருந்த பொறுப்பு இன்று உங்களுக்கும் உரியது. காட்டுமுன் ஒரு கணம் எண்ணுங்கள்: இதனை யார் யார் காண்பார்?