துவிச்சக்கர வீரர் றெஜ் ஹரிஸ்

துவிச்சக்கர வண்டிப் போட்டி என்றவுடன் மூச்சிரைக்க நெடுந்தூரம் ஓடும் காட்சியே நேயர்களின் மனக்கண்முன் தோன்றும். குறுவிரைவுப் போட்டி அத்தகையதன்று. வட்டமான ஓட்டப் பாதையில் இருவர் ஆமைபோல் ஊர்வர். சில வேளைகளில் அசையாது நிற்பதும் உண்டு. முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துப் பின்னவருக்கு வழியமைத்துக் கொடுக்கிறார். ஆதலின் முந்துவதற்கு இருவரும் அஞ்சுவர். இறுதி 200 மீற்றரிலேதான் புயல் எழும். கால் வலிமையோடு பொறுமையும் வேண்டப்படும் இவ்விளையாட்டில் உலகப் புகழ் எய்தியவர் இங்கிலாந்து வீரர் றெஜ் ஹரிஸ்.

லங்காஷயர் பகுதியின் பெரி நகருக்கு அண்மையில் 1920 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். உலகப் போரில் வட ஆபிரிக்காவில் போர்த்தாங்கி ஓட்டிக் காயமுற்று, 1943 இல் படையினின்று விடுவிக்கப்பட்டார். அவ்வுடலோடுதான் 1947 இல் பாரிஸ் நகரில் உலகப் பட்டத்தை வென்றார்.

அடுத்த ஆண்டு இலண்டனில் ஒலிம்பிக் விழா. அதற்குச் சில மாதங்களின் முன் வீதி விபத்தொன்றில் அவரது முதுகெலும்பு முறிந்தது. தேறி வந்தவர் ஓட்டப் பாதையில் வீழ்ந்து கையையும் முறித்துக்கொண்டார். இவை போதாவென்று தெரிவாளரோடும் பிணக்கு ஏற்பட்டது. இலண்டனில் வந்து பயில வேண்டுமென்றனர் அவர்கள். மான்செஸ்ரரை விட்டு வர அவர் இசையவில்லை. அவருடைய பெயர் நீக்கப்பட்டது. பின்னர் ஒரு பரீட்சை ஓட்டம் நடத்தியே அவரை மீளவும் சேர்த்தனர். தனியோட்டத்தில் இத்தாலியரான மாரியோ கெல்லாவிடம் தோற்றார். அலன் பனிஸ்ரரோடு இருவர் வண்டியில் ஓடிய இறுதிப் போட்டியோ, விளக்கில்லாத ஹேர்ண் ஹில் அரங்கில் அந்தி இருளில் முடிவுற்றது. கிடைத்தவை இரு வெள்ளிப் பதக்கங்கள். தங்கத்தை எதிர்நோக்கிய நாட்டுக்கு அது ஏமாற்றமே. முறிந்த எலும்புகளை எண்ணுவோர்க்கு அது பெருஞ் சாதனை.

பின்னர் தொழில்முறை வீரராகி 1949, 1950, 1951, 1954 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் பெற்றார். அவர் ஓட்டியது றலி வண்டி. அப்பெயரை நம் நாட்டு ஒழுங்கைகளும் நன்கறியும். 1957 இல் ஓய்வு பெற்றார். வாணிகம் அவருக்கு ஓட்டத்தைப்போல் கைகொடுக்கவில்லை.

ஐம்பத்து நான்கு வயதென்பது உத்தியோகத்தர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயது. அவ்வயதிலே, 1974 இல், லெஸ்ரர் நகரில் தம் மைந்தர் வயதினரோடு போட்டியிட்டு, பிரித்தானியத் தொழில்முறைக் குறுவிரைவுப் பட்டத்தை ஹரிஸ் வென்றார். மறு ஆண்டும் களமிறங்கி இரண்டாமிடம் பெற்றார். 1992 இல் அவர் காலமானார். மான்செஸ்ரர் ஓட்ட அரங்கில், வண்டிமீது குனிந்த கோலத்தில் அவரது வெண்கலச் சிலை நிற்கிறது.